என் மேல்முறையீடு வென்றது, அதனால்தான் இந்த மடல்

உள்ளாட்சிகளில் சொத்து வரிக்கு மதிப்புப் போடும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு வரும் மடல்களில் முக்கால்வாசி தோற்றவர்கள் எழுதுவதாக இருக்கும். இது வென்றவன் எழுதுவது. என் வீட்டுக்குப் போட்ட வரி மதிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தேன். 11 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். நியாயமான குறைப்புதான். ஆனால் அந்த உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நோட்டீஸ் வந்ததும் எல்லாரையும் போல நானும் கடைசி வரியில் இருந்த தொகையைத்தான் முதலில் பார்த்தேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது. பொடி எழுத்தில் என் வீட்டின் ஜாதகமே இருந்தது: கட்டடப் பரப்பு, தளம், கூரை வகை, கட்டிய ஆண்டு, கழிப்பறை எண்ணிக்கை. கழிப்பறை மூன்று என்று போட்டிருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு. கட்டிய ஆண்டும் ஏழு வருடம் தள்ளிப் போயிருந்தது. அதாவது என் பழைய வீடு தாளில் ஏழு வயது இளமையாக இருந்தது. வயது குறைந்தால் தேய்மானக் கழிவு குறையும், மதிப்பு ஏறும். வீட்டுக்கு இளமை திரும்பியதில் சந்தோஷப்பட எனக்கு வழியில்லை.

அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். "இந்தப் பின்பக்கத்தை எல்லாம் யாரும் படிக்கிறதே இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே மனுப் படிவத்தையும் எடுத்துக் கொடுத்தார். கட்டட அனுமதி நகல், நாலு போட்டோ. மூன்று மாதத்தில் வேலை முடிந்தது.

உத்தரவு வந்த அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். எங்கள் இரண்டு வீட்டையும் ஒரே ஆள், ஒரே வரைபடத்தில், ஒரே சமயத்தில் கட்டினார். நடுவில் ஒரு பொதுச் சுவர். கண்ணாடியில் பார்ப்பதுபோல என் வலம் அவருக்கு இடம், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் உள்ளே போய்த் தன் நோட்டீஸை எடுத்து வந்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். அவர் தாளில் கழிப்பறை இரண்டு, சரி. கட்டிய ஆண்டும் சரி. ஆனால் வீட்டு முன்னால் இருக்கும் வராந்தாவை மூடிய அறை என்று கணக்கில் சேர்த்திருந்தார்கள். என் தாளில் அதே வராந்தா 'திறந்தது'. மூன்று பக்கமும் காற்று வீசுகிற அந்த இடத்தில் அவர் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார். அறை என்றால் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் தாளின் அடியில் இருந்த தேதியைப் பார்த்தோம். ஆட்சேபணை சொல்வதற்கான கெடு முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

சரி, அவர் கவனிக்கவில்லை, தவறவிட்டார், அடுத்த முறை பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் சொல்லலாம். விதியும் அதைத்தான் சொல்கிறது. என் சங்கடம் அதோடு நிற்கவில்லை. சொத்து வரி என்பது பல இடங்களில் பங்கு போடும் வரி. உள்ளாட்சிக்கு இந்த ஆண்டு இவ்வளவு வேண்டும் என்று முதலில் முடிவாகிறது. அதை மதிப்பின் விகிதத்தில் எல்லா வீட்டுக்கும் பிரிக்கிறார்கள். ஊரில் எங்கள் இரண்டு வீடு மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மதிப்பு 100, திரட்ட வேண்டியது 20, ஆளுக்குப் பத்து. என் மதிப்பு 89 ஆகிறது. இப்போது நான் கட்டுவது 9.42, அவர் கட்டுவது 10.58. அவர் வீட்டில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. வரி மட்டும் ஏறக்குறைய 6 சதவீதம் ஏறிவிட்டது. என் மனு அவருக்குக் கொடுத்த பரிசு அது.

நிஜ ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகள் இருப்பதால் இந்தச் சுமை தூள் தூளாகப் பிரிந்து யார் கண்ணிலும் படாமல் போகிறது. வரி விகிதத்தைச் சட்டமே நிலையாக வைத்திருக்கும் ஊர்களில் வேறு வழியில் வந்து சேரும்: வருமானம் குறையும், பிறகு விகிதத்தை ஏற்றுவார்கள், அல்லது தெருவிளக்கு எரியாது. எந்த வழியில் வந்தாலும், வந்து கேட்டவனுக்குக் குறைந்ததைக் கேட்காதவர்கள் சுமக்கிறார்கள்.

மதிப்பீட்டில் பிழையே இல்லை என்று நீங்கள் யாரும் சொல்வதில்லை. "பிழை இருந்தால் மேல்முறையீடு இருக்கிறதே" என்பதுதான் பதில். இந்தப் பதில் மீதுதான் என் புகார். யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கடைத்தொகுதியும் அலுவலகக் கட்டடமும் வைத்திருப்பவர்கள் வருகிறார்கள்; இதையே தொழிலாகச் செய்யும் ஆலோசகர்களை அனுப்புகிறார்கள், குறைகிற வரியில் பங்கு அவர்களுக்குக் கூலி. பெரிய வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். குறைகிற தொகை அவர்களுக்கு அலைச்சலுக்குக் கட்டுப்படியாகிறது. என்னைப் போல ஒரு பகல் லீவு போட முடிந்தவர்களும் வருகிறோம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு வரி குறைந்து மிச்சமாவதைவிட அந்த ஒரு நாள் கூலி பெரிதாக இருக்கலாம். அவர் வராமல் இருப்பது அறியாமை இல்லை, சரியான கணக்கு. ஆக, மேல்முறையீட்டை மட்டும் நம்பி ஒரு பதிவேட்டைத் திருத்திக்கொண்டே போனால், நாளாக ஆக அது மேலே இருப்பவர்களுக்கு இளகியும் கீழே இருப்பவர்களுக்கு இறுகியும் போகும். யாரும் லஞ்சம் வாங்க வேண்டியதே இல்லை.

அமெரிக்காவில் சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் போல) இது நடந்தது. மலிவான வீடுகளுக்கு அவற்றின் விலையோடு ஒப்பிட்டால் அதிக மதிப்பும், விலை உயர்ந்த வீடுகளுக்குக் குறைந்த மதிப்பும் போடப்பட்டு வந்ததை 2017ல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் விற்பனைப் பதிவுகளை வைத்து வெளிக்கொண்டு வந்தது. மேல்முறையீடு அதைச் சரிசெய்யவில்லை, இன்னும் கோணலாக்கியது. அடுத்த ஆண்டு கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த முன்தேர்தலில் அங்கே பதவியில் இருந்த மதிப்பீட்டாளர் தோற்றார். (அங்கே அது தேர்தல் பதவி. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதற்குள் போனால் இந்த மடல் முடியாது.)

"எங்கள் பதிவேட்டை நாங்கள் சரிபார்க்கிறோம், சராசரி சரியாகத்தான் இருக்கிறது" என்று சிலர் சொல்வீர்கள். சராசரியை நான் நம்புவதில்லை. நாலு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சின்னது, உண்மை விலை தலா 100. இரண்டு பெரியது, தலா 400. சின்னதுகளுக்கு 110 என்று மதிப்புப் போட்டிருக்கிறீர்கள், பெரியதுகளுக்கு 360. விலைக்கு எத்தனை மடங்கு மதிப்பு என்று பார்த்தால் 1.10, 1.10, 0.90, 0.90. கூட்டி நாலால் வகுத்தால் மிகச்சரியாக 1.00. அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மொத்த மதிப்பை மொத்த விலையால் வகுத்தால் 940க்கு 1000, அதாவது 0.94. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.06. இந்த எண் ஒன்றைவிட எவ்வளவு மேலே போகிறதோ, சின்ன வீடு பெரிய வீட்டின் வரியை அவ்வளவு சுமக்கிறது என்று அர்த்தம்.

இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. உங்கள் தொழிலுக்கென்றே 1934ல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டு மதிப்பீட்டு அலுவலர் சங்கம் இதை அளவுகோலாக வைத்திருக்கிறது. 2013ல் அவர்கள் வெளியிட்ட தரநிலைப்படி இந்த எண் 0.98க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு மதிப்பு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதற்கு இன்னோர் அளவும் உண்டு. தனி வீடுகளுக்கு அது 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கலாம். என் நாலு வீட்டில் சிதறல் 10 சதவீதம். தேர்வில் பாஸ். ஆனால் சாய்வைக் காட்டும் அந்த 1.06ல் பெயில். ஒரே ஓர் எண்ணைக் காட்டி 'நியாயமாக இருக்கிறது' என்று சொல்வது எவ்வளவு எளிது பாருங்கள். அந்த நாலு வீட்டிலிருந்து 94 வரி திரட்டினால் சின்ன வீடு 9.4 கட்ட வேண்டியது 11 கட்டுகிறது, 17 சதவீதம் கூடுதல். பெரிய வீட்டுக்கு மிச்சமாவது அதன் வரியில் 4 சதவீதம்தான். அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது, இவர்களுக்கு வலிக்கும்.

சாய்வு எங்கிருந்து வருகிறது? பாதி, உங்கள் படிவத்திலேயே இருக்கிறது. பரப்பு, வயது, அறை எண்ணிக்கை என்று நாலைந்து விஷயத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் படிவத்துக்குள் அடங்காத நல்லவை எல்லாம் விலை உயர்ந்த வீட்டில்தான் அதிகம் இருக்கும்: உயர்ந்த மரவேலை, அமைதியான தெரு, ஜன்னலைத் திறந்தால் தெரிகிற காட்சி. அடங்காத கெட்டவை மலிவான வீட்டில் அதிகம்: ஓதம் ஏறிய சுவர், பின்னால் ஓடும் சாக்கடை. கணக்கு இரண்டையும் நடுவுக்கு இழுக்கிறது. பெரியது இறங்குகிறது, சின்னது ஏறுகிறது.

மீதிப் பாதி, காலம். ஒரு மதிப்பைப் போட்டுவிட்டு அப்படியே விட்டால் அது எல்லாருக்கும் ஒரே சீராகப் பழசாவதில்லை. ஒரு பகுதியில் விலை பத்து மடங்கு ஏறியிருக்கும், இன்னொன்றில் இரண்டு மடங்கு. பழைய பதிவேட்டில் இரண்டும் அன்று இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டாவது பகுதிக்காரர் முதல் பகுதிக்காரரின் வரியைக் கட்டிக்கொண்டிருப்பார்.

இங்கிலாந்தில் வீட்டு வரிக்கு இன்றைக்கும் 1991 ஏப்ரல் மாத விலைதான் அடிப்படை. போன மாதம் கட்டி முடித்த வீட்டுக்கும் 'இது 1991ல் இருந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும்' என்று கற்பனை செய்துதான் எட்டுப் படிகளில் ஒன்றில் போடுகிறார்கள். மேல்படி வீட்டுக்கு வரி கீழ்ப்படியைப் போல மூன்று மடங்கு. வீட்டின் விலை முப்பது மடங்காக இருந்தாலும் அதே மூன்றுதான். அந்த 1991 மதிப்பே எப்படிப் போடப்பட்டது என்றால், மதிப்பீட்டாளர்கள் காரில் தெருத் தெருவாக மெல்லப் போனபடியே வீடுகளைப் பார்த்து எழுதினார்கள். அதற்கு 'இரண்டாம் கியர் மதிப்பீடு' என்று பெயரே வந்துவிட்டது. என் வீட்டின் மூன்றாவது கழிப்பறையும் ஏதோ ஒரு கியரில்தான் பிறந்திருக்க வேண்டும்.

பிரான்ஸ் நிலவரம் இன்னும் ரசமானது. கட்டடங்களுக்கு அங்கே அடிப்படை 1970ஆம் ஆண்டின் வாடகை மதிப்பு. வீட்டில் உள்ள வசதிகளைப் பரப்பாக மாற்றிக் கூட்டுகிறார்கள்: ஒரு குளியல் தொட்டி 5 சதுர மீட்டர், ஷவர் 4, கழிப்பறை 3. குழாயில் தண்ணீர் வருவதற்கும் மின்சாரம் இருப்பதற்கும்கூடத் தனிக் கணக்கு உண்டு. இதெல்லாம் ஆடம்பரமாக எண்ணப்பட்ட காலத்தின் கணக்கு. அங்கே இருந்திருந்தால் என் இல்லாத கழிப்பறை 3 சதுர மீட்டர் பரப்பாகி என் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஜெர்மனியில் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. மேற்குப் பகுதியில் 1964 மதிப்பு, கிழக்குப் பகுதியில் 1935 மதிப்பு. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதாகத்தான் முதலில் திட்டம். அது நடக்கவே இல்லை. ஒரே மாதிரியான சொத்துகளை இப்படி வெவ்வேறாக நடத்துவது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2018 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 முதல் புதிய மதிப்பில் வரி. அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் உள்ள மூன்றே மூன்று கவுன்ட்டிகளில் 2020 வரை கடைசியாக மதிப்பீடு நடந்திருந்த ஆண்டுகள் 1974, 1983, 1987. அங்கேயும் 2020ல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் டேப்பை எடுத்தார்கள்.

விலை விழும்போதும் இதே கதை, திருப்பிப் போட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வீட்டு விலைகள் சரிந்தன. பதிவேட்டில் மதிப்புகள் அந்த வேகத்தில் இறங்கவில்லை. 2010க்கும் 2016க்கும் நடுவில் வீட்டுக்காரர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் கூடுதலாக வரி விதிக்கப்பட்டது என்று உள்ளூர் நாளிதழ் ஒன்று 2020ல் கணக்கிட்டது. அந்த வரியைக் கட்ட முடியாமல் வீட்டையே பறிகொடுத்தவர்களும் உண்டு. வராந்தா அறையாவது சிரிப்புக்குரிய பிழை. இது அப்படி இல்லை.

நீங்கள் ஏன் மறுமதிப்பீட்டுக்குத் தயங்குகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. வேல்ஸில் 2003 விலையை வைத்து மறுமதிப்பீடு செய்து 2005ல் அமல்படுத்தினார்கள். மூன்றில் ஒரு பங்கு வீடுகள் மேல்படிக்குப் போயின. கத்தியவர்கள் குரல்தான் கேட்டது, இறங்கியவர்கள் ஏன் பேசப்போகிறார்கள்? அதைப் பார்த்துக்கொண்டிருந்த இங்கிலாந்து, தான் செய்வதாக இருந்த மறுமதிப்பீட்டை அதே ஆண்டில் தள்ளிவைத்தது. இன்றுவரை அது நடக்கவில்லை. திட்டு வாங்குவது நீங்கள், முடிவெடுப்பது மேலே இருப்பவர்கள். அதனால் ஒன்று சொல்கிறேன்: முப்பது ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் செய்தால் யாரும் கத்தத்தான் செய்வார்கள். நெதர்லாந்தில் ஒவ்வொரு ஆண்டும் செய்கிறார்கள். ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மக்களுக்கும் பழகிவிடுகிறது. கூடவே, 'இந்த மறுமதிப்பீட்டால் மொத்த வசூல் ஒரு காசும் கூடாது' என்று உங்கள் மன்றம் முதலிலேயே தீர்மானம் போட வேண்டும். மறுமதிப்பீடு என்ற பெயரில் வரியையும் சேர்த்து ஏற்றுகிற பழக்கம்தான் இந்தச் சொல்லைக் கெட்ட வார்த்தையாக்கியது.

முதியவர்கள் என்ன செய்வார்கள், வருமானம் இல்லாமல் விலையேறிய வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கலிபோர்னியா 1978ல் இதற்குக் கொடுத்த பதில் உங்களுக்குத் தெரியும்: வீடு கைமாறும் வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. கைமாறினால் அன்றைய விலை. பத்து ஆண்டில் என்ன ஆயிற்று? 1988ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு வாங்கிய ஒரு பெண், 1975 முதல் அதே மாதிரி வீட்டில் இருந்த அண்டை வீட்டாரைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டார். 1992ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. இத்தனைக்கும் அதே நீதிமன்றம் மூன்று ஆண்டு முன்புதான் மேற்கு வர்ஜீனியாவின் ஒரு கவுன்ட்டியில், புதிதாக வாங்கிய நிலக்கரி நிலங்களுக்குப் பக்கத்து நிலங்களைவிட 8 முதல் 35 மடங்கு வரை அதிக மதிப்புப் போட்டதைச் செல்லாது என்று அடித்திருந்தது. அவர்கள் சரிசெய்துகொண்டிருந்த வேகத்தில் சமமாக 500 ஆண்டுக்கு மேல் ஆகும் என்றும் சொல்லியிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம், கலிபோர்னியாவில் மக்கள் ஓட்டுப் போட்டு அதைச் சட்டமாக்கியிருந்தார்கள். மற்றதில் ஓர் அலுவலர் தன் போக்கில் செய்தார். சட்டப்படி அது பெரிய வித்தியாசமாக இருக்கலாம். பில்லைக் கையில் வைத்திருப்பவருக்கு அப்படித் தோன்றாது.

என் கருத்து: சலுகை கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மதிப்பைப் பொய்யாக்கிக் கொடுக்காதீர்கள். மதிப்பை உள்ளபடி போட்டுவிட்டு, அடியில் 'முதியோர் கழிவு இவ்வளவு' என்று தனி வரியாக எழுதுங்கள். கட்ட முடியாதவருக்கு வீட்டை விற்கும்போது கட்டட்டும் என்று தள்ளிவையுங்கள். அப்போதுதான் யாருக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பது ஊருக்குத் தெரியும். மதிப்புக்குள்ளேயே புதைத்துவிட்டால், ஏழை முதியவருக்கு என்று தொடங்கிய சலுகை எத்தனை பணக்காரர்களுக்குப் போகிறது என்று எண்ணக்கூட முடியாது.

இவ்வளவு தலைவலி எதற்கு, பரப்பை மட்டும் அளந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாமே என்ற யோசனையும் அடிக்கடி வரும். கேரளத்தின் 1961 கட்டட வரிச் சட்டம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது: தளப்பரப்பு மட்டுமே அளவு. கட்டடம் எங்கே இருக்கிறது, எந்த வகை, எதற்குப் பயன்படுகிறது என்று எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தியதே சமத்துவத்தை மீறியது என்று சொல்லி இந்திய உச்ச நீதிமன்றம் 1968ல் அதை ரத்து செய்தது. ஒரே அளவுகோல் வேண்டும் என்று நான் கேட்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகை எடை போடும் தராசில் நெல் மூட்டையை வைக்கச் சொல்லவில்லை.

அப்படியானால் என்னதான் வேண்டும்? முதலில், கதவைத் தட்டும் வேலையை எங்களிடம் விடாதீர்கள். எங்கள் இரண்டு வீட்டுத் தாளும் உங்கள் அலுவலகத்தில் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. என் மனுவைப் பரிசீலித்தவர் அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தால் போதும். ஒரே வரைபட வீட்டில் இங்கே மூன்று கழிப்பறை, அங்கே இரண்டு. இங்கே திறந்த வராந்தா, அங்கே மூடிய அறை. மேல்முறையீட்டில் ஒரு பிழை நிரூபணமானால், அதே தெருவில், அதே வகைக் கட்டடத்தில், அதே ஆள் அளந்த மற்ற வீடுகளையும் நீங்களாகவே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். கெடு முடிந்தாலும் அது பொருந்த வேண்டும். பணம் சம்பந்தமான கருத்து வேறுபாட்டுக்குக் கெடு வைப்பது நியாயம். வராந்தாவுக்குச் சுவர் இருக்கிறதா இல்லையா என்பதற்குக் கெடு எதற்கு?

அப்புறம், பதிவேட்டைத் திறந்து வையுங்கள். நெதர்லாந்தில் 2016 முதல் எந்த வீட்டின் வரி மதிப்பையும் யாரும் இணையத்தில் பார்க்கலாம். குக் கவுன்ட்டியில் புதிய மதிப்பீட்டாளர் வந்த பிறகு, வீடுகளுக்கு மதிப்புப் போடும் கணினி நிரலையே பொதுவில் வைத்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் பிரித்துப் பார்த்துக் குறை சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் விவரத்தைக் காட்டுவது அந்தரங்கத்தில் தலையிடுவதாகாதா என்று தயக்கம் இருக்கும். பெயரை எடுத்துவிடுங்கள். பரப்பு, வயது, வகை, மதிப்பு போதும். தன் மதிப்பு சரியா என்று ஒருவருக்குப் பெரும்பாலும் தெரியாது, பக்கத்து வீட்டின் மதிப்பைப் பார்க்கும் வரை. பக்கத்து வீட்டு அம்மாவின் தாளில் இருந்த பிழை வெளிப்பட்டதே இரண்டு தாளை ஒன்றாக வைத்ததால்தான். அதை எல்லாருக்கும் செய்து கொடுக்கச் சொல்கிறேன். நோட்டீஸிலேயே அதே வகையில் அக்கம்பக்கத்து ஐந்து வீடுகளின் மதிப்பை அச்சிட்டு அனுப்பினாலும் சரி. பின்பக்கத்தில் வேண்டாம், முன்பக்கத்தில்.

மூன்றாவதாக, அந்தச் சாய்வுக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே போட்டு, வந்த எண்ணை அப்படியே வெளியிடுங்கள். பத்திரப் பதிவில் காட்டும் விலை உண்மை விலை இல்லாத இடங்களில் இந்தக் கணக்கே ஆட்டம் காணும், ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்ட இடங்களில் சில நூறு வீடுகளையாவது மாதிரியாக எடுத்து நேரில் போய் முழுசாக மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் மோசமாக வந்தால் திட்டுவோம்தான். வெளியிடாமல் இருந்தாலும் திட்டத்தான் போகிறோம்.

நேரில் போவது என்றதும் ஆள் பற்றாக்குறை என்பீர்கள். உண்மை. மேலே சொன்ன பன்னாட்டுச் சங்கத்தின் பரிந்துரை நாலிலிருந்து ஆறு ஆண்டுக்குள் ஒவ்வொரு கட்டடத்தையும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது. அதற்கு ஆள் வேண்டும் என்று நீங்கள் மன்றத்திடம் கேட்டால், வரி கட்டுகிற நானும் வந்து கூட உட்காருகிறேன். வரி வசூலிக்க ஆள் கிடைக்கிறது, வரியைச் சரியாகப் போட ஆள் கிடைப்பதில்லை என்பது எனக்கு விளங்காத கணக்கு.

கடைசியாக என் பக்கத்து வீட்டு விஷயம். அவர் பெயரில் காலங்கடந்த மனு ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். அதை ஏற்பதா வேண்டாமா என்று உங்கள் மேசையில்தான் இருக்கிறது. நான் டேப் பிடித்து அளந்துவிட்டேன். வராந்தா 12 அடி நீளம், 6 அடி அகலம். தெருப்பக்கம் சுவர் இல்லை, இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இடுப்பளவுக் கம்பி மட்டும். என் வீட்டு வராந்தாவும் அதே 12க்கு 6. போட்டோ இணைத்திருக்கிறேன், அதில் கொடியில் தொங்குவது அவருடைய போர்வை, மழை வந்தால் அதுவும் நனையும். யாராவது நேரில் வந்து பார்ப்பதானால் மாலை நாலு மணிக்கு மேல் அவர் வீட்டில் இருப்பார். அவர் இல்லாவிட்டால் என் வீட்டு மணியை அடியுங்கள்.

இப்படிக்கு,
11 சதவீதம் குறைந்த பக்கத்து வீட்டுக்காரன்